விழுந்து முடிக்காத மனிதர்

புரட்டாசி கடைசியில், கச்சான்காற்று ஓய்ந்து வாடைக்காற்று இன்னும் தொடங்காத இடைப்பட்ட நாட்களில், ஒரு காலை வெள்ளைப் பாய்மரப்படகு ஒன்று புன்னைத்துறைத் துறைமுகத்துக்குள் மெதுவாக நுழைந்தது. அதன் வலது பக்கத்தில், விளிம்புக்கு வெளியே, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, ஒரு மனிதர் விழுந்துகொண்டிருந்தார்.

விழுந்துவிட்டார் என்று சொல்ல முடியாது, தண்ணீர் அவரை இன்னும் தொடவில்லை. தொங்கிக்கொண்டிருந்தார் என்றும் சொல்ல முடியாது, அவர் கையில் பிடித்திருந்த கம்பி அறுந்து, துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்து கிடந்தது. அது எதையும் தாங்கவில்லை. முதுகு கடலுக்கும் முகம் படகுக்குமாக, கால்கள் சற்றே மேலே தூக்கியபடி, நாற்காலி பின்பக்கம் சாயும்போது ஒருவர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். வலது காலிலிருந்து கழன்ற செருப்பு பாதத்துக்குச் சற்றுக் கீழே தனியாக நின்றது.

படகை ஓட்டிவந்தது அவர் மனைவி மங்கையர்க்கரசி. நாகப்பட்டினத்துக்காரர்கள், இருவரும் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் ஒதுங்கியபிறகு, இனி எஞ்சியிருக்கும் காலத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டாமென்று இந்தப் படகை வாங்கிக் கரையோரமாகவே கொச்சிவரை போய் வரக் கிளம்பியவர்கள். துறைமுகத்தில் கயிறு பிடித்தவர்களிடம் அந்த அம்மாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்: முந்தின நாள் அவர் பாயைச் சரிசெய்ய முன்பக்கம் போனார், படகு ஒரு ஆட்டம் ஆடியது, வழக்கம்போல ஓரத்துக் கம்பியில் சாய்ந்தார், கம்பி அறுந்தது. விழுந்தார். அவர் விழுந்து முடிப்பதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்ததாகவும், முடிப்பதாகத் தெரியாததால் பக்கத்தில் எந்தத் துறைமுகம் இருக்கிறதென்று பார்த்துப் படகைத் திருப்பியதாகவும் சொன்னாள்.

“பேர் தில்லைநாயகம்,” என்று அந்த மனிதரே வெளியிலிருந்து சொன்னார். “யாராவது ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தா நல்லா இருக்கும்.”

புன்னைத்துறைக்காரர்கள் முதலில் செய்யவேண்டியதைச் செய்து பார்த்தார்கள். இடுப்பில் வடம் கட்டி விசைப்படகில் வடம் சுற்றும் வின்ச்சை வைத்து இழுத்தார்கள். அவர் வரவில்லை, பாய்மரப்படகுதான் அவர் பக்கம் சரிந்தது. வள்ளத்தைக் கீழே விட்டு, மெத்தை போட்டு, தோள்கொடுத்து மேலே தூக்கினார்கள். அவரோடு சேர்ந்து படகும் ஒரு பக்கம் எழும்பியதே தவிர இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி குறையவில்லை. கம்பியை விடச் சொன்னார்கள். விரல்கள் இன்னும் பிடித்து முடியவில்லை என்றார். துறைமுக அதிகாரி வந்து, இந்த ஆளை வந்து சேர்ந்தவராகக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து, படகின் கம்பியைக் கையில் பிடித்திருப்பதால் படகைச் சேர்ந்தவர்தான் என்று முடிவுசெய்து போனார். பங்குச்சாமியார் வந்து செபம் சொன்னார். இது கடவுள் செய்த புதுமையா இல்லையா என்று கேட்டவர்களிடம், அதை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உள்ளே வரும் படகுகளை வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அலையடித்து அவர் சட்டை நனைகிறது என்றார்.

அதன்பிறகுதான் யாரோ பிளாசிதாவைக் கூப்பிடச் சொன்னார்கள்.

பிளாசிதாவுக்குத் துறைமுகத்தின் தென்கோடியில், உப்பு குடோனுக்கு அடுத்த கொட்டகையில் வேலை. விசைப்படகுகளுக்கு வடமும் கம்பியும் கட்டுவாள், கித்தான் தைப்பாள், வெள்ளைக்காரர்களின் சொகுசுப் படகு ஏதாவது காற்றுக்கு ஒதுங்கினால் அதற்கும் அவள்தான். ஐம்பதைத் தாண்டிய, கை அகலமான, அதிகம் பேசாத பெண். அவள் புருஷன் ரேமண்ட் மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போய்வந்தவன். பல வருஷங்களுக்கு முன் நல்ல வெயிலில், தளத்தில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே கடலில் விழுந்து போய்விட்டான். தோணியை நடத்திய தண்டல் வீட்டுக்கு வந்து, “ஒரு சத்தம்கூட இல்ல மைனி, கூப்பிட்டிருந்தா தூக்கியிருப்போம்,” என்று சொன்னதோடு சரி. ஏன் கூப்பிடவில்லை என்பது அன்றிலிருந்து அவளுக்குள் உட்கார்ந்திருந்தது.

அவள் வந்ததும் மனிதரைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தாள். இந்த மாதிரிப் படகுகளில் ஓரத்தைச் சுற்றிச் சிறு தூண்கள் நட்டு, அவற்றின் துளைகளில் மேலொன்று கீழொன்றாக எஃகுக் கம்பி கோத்திருப்பார்கள். ஆட்டத்தில் கால் தவறினால் ஆள் கடலுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். லைஃப்லைன் என்பார்கள், பிளாசிதா காப்புக்கம்பி என்பாள். கைக்கு இதமாக இருக்கட்டும், பாய் உரசிக் கிழியாமல் இருக்கட்டும் என்று அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. உறைக்குள் புகுந்த உப்புத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி, கம்பியைப் புரி புரியாகத் தின்றிருந்தது. மேலே பார்த்தால் புத்தம்புதுசு. தூணின் துளையோரத்தில் மட்டும் டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு கறை.

எல்லாத்தையும் மாற்ற வேண்டும் என்றாள். மாற்றுங்கள் என்றாள் மங்கையர்க்கரசி. மறுபக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அண்ணாச்சி பிடித்திருப்பது கடைசியில் இருக்கட்டும் என்றாள் பிளாசிதா. “எனக்கு ஒன்னும் அவசரமில்ல,” என்றார் தில்லைநாயகம்.

அப்படியாக அந்தப் படகு துறைமுகத்தின் ஒதுக்குப்புறத்தில் கட்டப்பட்டது, நாட்கள் போயின, ஊர் அதற்குப் பழகியது. ஊர்க்கமிட்டி கூடி, அந்த வழியாகப் போகும் படகுகள் எஞ்சினை நிறுத்தி, துடுப்பில்தான் போகவேண்டுமென்று கட்டளை போட்டது. சவரக்கடைக்காரர் வள்ளத்தில் நின்றபடி வாரத்துக்கு இருமுறை அவருக்கு முகம் மழித்துவிட்டார். மங்கையர்க்கரசி நீளக் கம்பில் கரண்டியைக் கட்டி இட்லியும் சோறும் ஊட்டினாள். குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொன்னால், கடலில்தான் இருக்கிறீர்கள், தொட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் சொன்னாள். மற்ற தேவைகளுக்குக் கடல் நேர் கீழேயே இருந்தது. வெயில் தாங்காமல் அவர் முகம் கறுத்ததைப் பார்த்து பிளாசிதா நீலக்கித்தானில் ஒரு மறைப்புத் தைத்துப் படகிலிருந்து நீட்டிக் கட்டினாள். சிறு கடற்பறவை ஒன்று அவருடைய இடது முழங்காலைத் தன் இடமாக வைத்துக்கொண்டது. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, நெத்திலி என்ன விலை என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

பெண்கள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. முதலில் வந்தவள் குருசம்மாள். கடலுக்குப் புருஷனைக் கொடுத்து, பின்னொரு வருஷம் மூத்த மகனையும் கொடுத்தவள். இரண்டு பேருக்கும் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, புதைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் படகு கட்டியிருந்த துறைமேடையின் ஓரத்தில், தில்லைநாயகத்தின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்துக் குத்தவைத்து உட்கார்ந்து கேட்டாள்:

“தம்பி, அங்கன எப்படி இருக்கு?”

தில்லைநாயகம் யோசித்துப் பதில் சொல்கிறவர். “முதல்ல காது நிறையக் காத்து. அப்புறம் ஒன்னுமில்லம்மா.”

“பயமா இருக்கா?”

“இது பயத்துக்கு முந்தின இடம். பயம் கீழ இருக்கு, தண்ணிகிட்ட. நான் இன்னும் அங்க போகல.”

என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தோமே, பொங்கியிருக்குமே என்று நினைத்ததாக அவர் சொன்னார். குருசம்மாள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எதிரில் வந்தவர்களிடம் அதைச் சொன்னாள். மறுநாள் மேடையில் ஒரு கூட்டம் பெண்கள். விசைப்படகிலிருந்து, கட்டுமரத்திலிருந்து, தோணியிலிருந்து, விழுந்து போனவர்களின் பெண்டாட்டிகளும் தாய்களும் அக்கா தங்கைகளும், மீன் விற்றுத் திரும்பும் நேரத்தில் கூடைகளோடு வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். குளிருதா. இருட்டா இருக்கா. எங்களையெல்லாம் நினைப்பு வருமா. விழுகிறவர்களில் திரும்பிவந்து சொன்னவர் எவரும் இல்லை, தளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன இருக்கிறதென்று தெரிந்த மனிதர் இவர் ஒருவர்தான். அவர் வாத்தியார் வேலை பார்த்த பழக்கத்தில் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். புன்னைத்துறையில் பல வீடுகளில் அந்த நாட்களில் பெண்கள் நன்றாகத் தூங்கினார்கள்.

பிளாசிதா மட்டும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து வேலை பார்த்தாள். இடப்பக்கத்துக் கம்பிகளைக் கழற்றி, உறையில்லாத வெறும் கம்பி கோத்து, நுனிகளை நசுக்கிப் பூட்டினாள். இனி உறை வேண்டாம், எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று மங்கையர்க்கரசியிடம் சொன்னாள். பழைய பனியன் துணியைக் கம்பிமேல் வைத்து இழுத்துக் காட்டி, நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே ஒரு புரி அறுந்திருக்கிறதென்று அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு வலப்பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கிற கம்பிகளில் பாய் உரசும் இடங்களுக்குத் தோலில் உறை தைக்க ஆரம்பித்தாள். அது முடிந்ததும் பாய்மரத்தின் குறுக்குக்கம்புகளின் நுனிகளுக்கு. அது முடிந்ததும், நன்றாக இருந்த திருகாணிகளைக் கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டாள். ஒவ்வொரு நாளும் பெண்கள் கேட்பதையும் அவர் சொல்வதையும் காதில் வாங்கிக்கொண்டே, இன்றைக்கு இது போதும் என்று பையைக் கட்டிக்கொண்டு போனாள்.

ஐப்பசி பிறந்து ஒரு மழை பெய்த பிறகு குருசம்மாள் கொட்டகைக்கு வந்தாள். கல்லறைத் திருநாள் வருகிறது என்றாள். எல்லாரும் தோட்டத்துக்குப் போய்த் தங்கள் ஆட்களின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், நாம் மட்டும் வருஷா வருஷம் கடற்கரை மணலில் குத்திவைத்து, அது காற்றில் அணைவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இந்த வருஷம் அந்த மனிதர் முன்னால் ஏற்றலாமென்று பெண்கள் எல்லாரும் பேசியிருக்கிறோம். நம்ம ஆட்கள் போன இடத்தில்தான் அவர் இருக்கிறார். அதுவரைக்கும் அந்தக் கம்பியைத் தொடாதே.

பிளாசிதா கையிலிருந்த கித்தானைத் திருப்பிப் போட்டு அடுத்த தையலைத் தொடங்கினாள்.

ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. கித்தான் மறைப்பை அவிழ்த்துக் கட்டும்போதெல்லாம் அவள் கண்ணால் அளந்து பார்த்திருக்கிறாள்: வந்த அன்றைக்கு அவர் முதுகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது, இப்போது ஒரு சாண்தான் இருந்தது. நகம் வளர்வதை யாரும் பார்க்க முடியாத மாதிரி, அவர் விழுந்துகொண்டே இருந்தார். அறுந்த கம்பியின் தொய்வும் அந்த அளவுக்குக் குறைந்திருந்தது.

அதை மங்கையர்க்கரசியும் கவனித்திருந்தாள். வடகிழக்கே காற்றழுத்தம் உருவாகியிருப்பதாக ரேடியோவில் சொன்ன அன்று, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு, அவள் தளத்தில் வந்து நின்று பிளாசிதாவின் கையிலிருந்த ஊசியை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அக்கா, நீங்க வேலையை இழுக்கிறீங்க.”

பிளாசிதா ஊசியைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள்.

“உங்க ஊர்ப் பொம்பளைங்க அவர்கிட்ட வந்து உக்கார்றதை நான் ஒருநாளும் தடுக்கல. அவங்க அழுதா எனக்கும் அழுகை வருது. ஆனா உங்க திருநாளுக்காக என் வீட்டுக்காரரை அங்கயே விட்டுவைக்கணுமா? அவருக்கு நேரம் குறையுது. உங்களுக்கும் தெரியும்.”

தெரியும் என்றாள் பிளாசிதா. கம்பியை மாற்றலாம், ஆனால் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டினால் அவர் கம்பிக்கு வெளியே நின்றுவிடுவார், அப்புறம் உள்ளே வர வழியே இல்லை, அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள். அது உண்மைதான். வேலையை இழுத்ததற்கு அது மட்டும் காரணமில்லை என்பதும் உண்மைதான். அதையும் அவள் மறைக்கவில்லை. ரேமண்டைப் பற்றிச் சொன்னாள். அண்ணாச்சியிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, கேட்கப் பயமாக இருக்கிறது என்றாள்.

“இன்னிக்கே கேட்டுருங்க,” என்றாள் மங்கையர்க்கரசி.

அன்று மதியம் பெண்கள் வழக்கம்போல மேடையில் வந்து உட்கார்ந்தார்கள். கடல் ஈயம்போலக் கிடந்தது. குருசம்மாள் வழக்கம்போல, தம்பி, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தில்லைநாயகத்தின் குரல் கொஞ்சநாளாகவே அடுத்த அறையிலிருந்து வருவதுபோல மெலிந்திருந்தது.

“இன்னிக்கு வேண்டாம்மா,” என்றார். “இன்னிக்கு என்னால சொல்ல முடியல.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயம் எங்கே இருக்கிறதென்று அவர் சொன்னது எல்லாருக்கும் நினைவிருந்தது. ஒருத்தி கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள், மற்றவர்களும் எழுந்தார்கள், குருசம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அப்போது பிளாசிதா தளத்தின் வலது ஓரத்துக்கு முதல்முறையாகப் போய், அவருக்கு நேராக மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, கஷ்டமா இருந்தா சொல்ல வேண்டாம். விழும்போது நீங்க சத்தம் போட்டீங்களா?”

“இல்ல.”

“ஏன் போடல?”

அவர் கண்களை மூடித் திறந்தார். “தோணலையே. நேரம் இல்லாம இல்ல, எவ்வளவோ நேரம் இருந்துச்சு.” பிறகு, அவளுக்காக யோசித்துப் பார்த்து, மெல்லச் சொன்னார்: “நான் படகைப் பாத்துக்கிட்டு இருந்தேன்மா. நம்ம படகு பாய் விரிச்சு ஓடுறதை நாம பாத்ததே இல்ல பாருங்க. எப்பவும் அதுக்குள்ளதானே இருக்கோம். வெளியே இருந்து முழுசா அன்னிக்குத்தான் பாத்தேன். பாயெல்லாம் காத்து நிறைஞ்சு, அவ சுக்கான்ல நின்னுக்கிட்டு… அவ்வளவு அழகா இருந்துச்சு. கூப்பிடணும்னே தோணல.”

பிளாசிதா நெடுநேரம் அங்கேயே இருந்தாள். ரேமண்ட் போன தோணியின் பாய்கள் எல்லாம் அவள் தைத்தவை. அந்த வருஷம் புதிதாகத் தைத்துக்கொடுத்த பெரிய பாய், வெளுக்காத கித்தான், அதை ரேமண்ட் ஏற்றிக் கட்டிய பிறகு எப்படி இருந்ததென்று அவள் பார்த்ததில்லை. எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. நாளைக் காலையில் கம்பியைக் கட்டுகிறேன், எப்படியென்று இன்னும் தெரியவில்லை, ஆனால் கட்டுகிறேன் என்று மங்கையர்க்கரசியிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

மேடையில் குருசம்மாள் அவளுக்காகக் காத்திருந்தாள். அவர் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது. இருவரும் கொட்டகை வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள். கதவருகில் வந்தபிறகு குருசம்மாள் சொன்னாள்:

“வேலி கட்டும்போது நம்ம முருங்கைமரம் கோட்டுக்கு வெளியே நின்னா என்ன செய்வோம்? மரத்தை இழுக்கவா செய்வோம்? வேலியைத் தள்ளிக் கட்டுவோம்லா.”

பிளாசிதா அவளையே பார்த்தாள்.

“நீதானே மைனி திருநாள் வரைக்கும் தொடாதேன்னு சொன்ன?”

“சொன்னேன். அந்தத் தம்பி முகத்தை இன்னிக்குப் பாத்தியா நீ? எம் மவன் முகம் அப்படிப் போயிருக்கக் கூடாதுன்னுதான் நான் இத்தனை வருசமா கும்பிடுறேன்.”

விடிந்ததும் வேலை தொடங்கியது. வானம் கறுத்து, காற்று விட்டுவிட்டு அடித்தது. கொடிமரத்தில் எச்சரிக்கைக் கூண்டு மாற்றி ஏற்றியிருந்தார்கள். பிளாசிதா புதுக்கம்பியை வழக்கத்தைவிட இரண்டு பங்கு நீளமாக வெட்டினாள். படகின் முன்முனையிலிருந்து தூண்களின் துளைகள் வழியாகக் கொண்டுவந்து, அவர் இருந்த இடத்துக்கு முந்தின தூணோடு அதை வெளியே விட்டாள். அங்கிருந்து கம்பி படகைவிட்டு விலகி, அவரைச் சுற்றி, அவர் முதுகுக்குப் பின்னால் போய், மறுபடி அடுத்த தூணில் உள்ளே நுழைந்து, பின்பக்கத்து வின்ச்சுக்கு வரவேண்டும். கம்பி முதுகை அறுக்காமலிருக்க, அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் பஞ்சு வைத்துக் கித்தான் உறை தைத்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் கம்பியைச் செலுத்த யாராவது வள்ளத்தில் கீழே போகவேண்டும். இளவட்டங்கள் முன்வந்தார்கள். குருசம்மாள் அவர்களை விலக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே இறங்கினாள்.

அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் அப்போது ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. அவள் வள்ளத்தில் முழங்காலிட்டு, கம்பி நுனியைப் பிடித்த வலது கையை அந்த இடத்துக்குள் விட்டாள். கை தோள்வரைக்கும் போனது. மறுபக்கத்தில் பிளாசிதா நுனியை வாங்கிக்கொண்ட பிறகும் குருசம்மாள் கையை எடுக்கவில்லை. மேடையில் ஊரே நின்றது, யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று பிற்பாடு கேட்டவர்களிடம், கொஞ்சம் சூடாக இருந்தது, அடுப்பு அணைத்த பிறகு அடுப்படி இருக்குமே அந்த மாதிரி என்று சொன்னாள். கையை எடுத்ததும் துடுப்புக்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள், வள்ளம் விலகியது.

மங்கையர்க்கரசி வின்ச்சைச் சுற்றினாள். வேறு யாரையும் அவள் சுற்றவிடவில்லை. கம்பி கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வளைவு சுருங்கி, கித்தான் உறை அவர் முதுகில் போய்ப் படிந்தது. முன்பெல்லாம் இழுத்தபோது படகுதான் சரிந்தது. இப்போது படகு சரியவில்லை. ஏனென்றால் இப்போது அவரை யாரும் இழுக்கவில்லை, படகின் ஓரம் எங்கே முடிகிறது என்பதைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கம்பிக்கு உள்ளே இருந்தார், கம்பி உள்ளே வர அவரும் வந்தார். பிளாசிதா தளத்தில் நின்று அவர் சட்டைக் காலரை ஒரு கையாலும் இடுப்புவாரை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னும், இன்னும், என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் முதுகு படகின் விளிம்பைத் தாண்டிய கணத்தில், அத்தனை நாளாகக் காத்திருந்த விழுகை முழுவதும் ஒரேயடியாக முடிந்தது.

அவர் தளத்தில் வந்து விழுந்த அடியில் படகே அதிர்ந்தது. பிளாசிதா ஒரு பக்கம் போய் விழுந்தாள். வெளியே நின்ற செருப்பு பொத்தென்று தண்ணீரில் விழுந்து மிதந்தது. தில்லைநாயகம் “அம்மா” என்று ஒரு சத்தம் போட்டார்; அது வலியின் சத்தம், கழுத்தெலும்பு உடைந்திருந்தது, ஆனாலும் துறைமுகத்தின் அந்தக் கோடிவரைக்கும் அது கேட்டது. பெண்களில் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் பொத்தவில்லை. பிளாசிதா விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அது ஓயும்வரை கேட்டாள். மங்கையர்க்கரசி வின்ச் பிடியை விட்டுவிட்டு வந்து, அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அறுந்த கம்பியைப் பிடித்திருந்த அவருடைய விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது உள்ளங்கையில் துரு ஒரு கோடாகப் படிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டர், எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு, இன்றைக்கு என்று தில்லைநாயகம் சொன்னார்.

புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது, புன்னைத்துறைக்கு இரண்டு நாள் மழை மட்டும் கிடைத்தது. கல்லறைத் திருநாளன்று பெண்கள் கடற்கரை மணலில் மெழுகுவர்த்திகளைக் குத்தி ஏற்றினார்கள். மற்ற வருஷங்களைப் போலவே காற்று சிலதை அணைத்தது, அணைந்ததைத் திரும்ப ஏற்றினார்கள். தில்லைநாயகமும் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு மங்கையர்க்கரசியோடு வந்து, கொஞ்சம் தள்ளி நின்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. குருசம்மாள் ஒரு மெழுகுவர்த்தியை அவர் கையில் கொடுத்து, பிடித்துக்கொள் என்றாள்.

கார்த்திகையில் எலும்பு சேர்ந்து அவர்கள் கிளம்பத் தயாரானபோது, பிளாசிதா கடைசியாக ஒருமுறை வந்தாள். அந்த நீளக் கம்பியைச் சரியான அளவுக்கு வெட்டி, கித்தான் உறையை உருவிவிட்டு, தூணுக்குத் தூண் நேராகக் கட்டித் திருகாணிகளை இறுக்கியிருந்தாள். பனியன் துணியை ஓட்டிப் பார்த்தாள், ஒரு நூல்கூட மாட்டவில்லை. படகு துறைமுக வாயிலைத் தாண்டும்வரை கூடவே வந்து, ஓட்டத்தில் கம்பிகள் எப்படி நிற்கின்றன என்று பார்த்துவிட்டு, பின்னால் வரும் வள்ளத்தில் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. வெளியே வந்ததும் மங்கையர்க்கரசி பாயை விரித்தாள். வாடைக்காற்று அதில் வந்து நிறைந்தது, படகு ஒரு பக்கம் சாய்ந்து வேகம் எடுத்தது.

காப்புக்கம்பியைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. பிளாசிதா வலது ஓரத்துக்குப் போய், படகுக்கு முகம் காட்டித் திரும்பி நின்று, முதுகைக் கம்பியில் கொடுத்து, கைகள் இரண்டையும் விட்டுவிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் மெல்ல வெளியே சாய்த்தாள். கம்பி அவள் முதுகுக்கடியில் ஒரு விரற்கடை தணிந்து நின்றது. தலைக்குப் பின்னால் கடல் ஓடியது, காது நிறையக் காற்று. அவள் எதிரே படகு முழுவதும் தெரிந்தது. பாய்மரம், அதன் நுனிவரை ஏறிய பாய், அதில் விழுந்த வெயில், சுக்கானில் நின்ற பெண், அவள் பக்கத்தில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த மனிதர்.

சோதிக்க அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. பின்னால் வள்ளக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிடிக்குதா அக்கா?” என்று மங்கையர்க்கரசி காற்றுக்கு மேலே குரல் கொடுத்தாள்.

“பிடிக்குது,” என்றாள் பிளாசிதா, நிமிராமல்.